மண்குடமும் பொன்குடமும்

"மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்" என்று நம் பாட்டிமார்கள் சொல்லி வைத்தார்கள். இதைப் படித்ததும் மருமகள்மார்கள் "வாஸ்தவம், வாஸ்தவம்!" என்று தலையாட்டுவீர்கள். மாமியார்மார்கள் "எங்கள் வீட்டில் அந்தக் கதை கிடையாது" என்பீர்கள். இரண்டு கட்சியாரும் சற்றுப் பொறுங்கள். குடம் உடைந்த சத்தம் கேட்டதும் நம் மனசு முதலில் என்ன செய்கிறது? உடைத்தது யார் என்று எட்டிப் பார்க்கிறது. மண்ணா, பொன்னா என்று தீர்மானிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வாரம் அந்த மனசைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

சாரல் நாளில் குற்றாலம் போயிருந்தேன். அருவியில் குளித்த மறுநாள் வியாழக்கிழமை. "இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் புளியறை தட்சிணாமூர்த்தியைத் தரிசிக்காமல் போகலாமா?" என்று தங்கியிருந்த வீட்டு அம்மாள் சொல்ல, செங்கோட்டை வழியாகப் பஸ் ஏறினேன். இரண்டு பக்கமும் பச்சை வயல். எதிரே முகத்தில் இடிக்கிற மாதிரி மலை. புளியறையைத் தாண்டினால் சாலை பாம்பு போல் வளைந்து மேலே ஏறுகிறது. ஏறினால் கோட்டைவாசல், அதற்கப்பால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று கேரளம். தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடி புளியறையில்தான் இருக்கிறது. காய்கறி லாரி, வைக்கோல் லாரி, கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய லாரி என்று வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும்.

தரிசனம் முடிந்து ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இரண்டு அம்மாள்கள். மூக்கும் முழியும் ஒரே அச்சு. ஒருத்தி "டீ" என்றாள். மற்றவள் "சாயா" என்றாள். ஒரே வயிற்றில் பிறந்த அக்காளும் தங்கையுந்தான். மூத்தவளைக் கட்டிக் கொடுத்தது செங்கோட்டையில், இளையவளைப் புனலூரில். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை இருவரும் பாதி வழியில், இந்தச் சந்நிதியில் சந்தித்துக் கொள்வார்களாம். ஏன் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் உட்கார்ந்தபோது சம்பாஷணை சூடாகவே இருந்தது.

"ஏளா, நீயே சொல்லு. உங்க பக்கத்து ஆஸ்பத்திரிக் குப்பையை லாரியில அள்ளிட்டு வந்து எங்க வயக்காட்டில கொட்டுதாங்களே, இது அடுக்குமா?"

"கொட்டுதது தப்புதான் அக்கா. ஆனா அந்த லாரிக்கு இடம் காட்டி விடுதது யாரு? உங்க ஊரு ஏஜெண்டுதானே! வாங்கிக்கிடுத ஆளு இருக்கப் போயித்தானே வருது!"

"சரி, அதை விடு. எங்க மலையை உடைச்சு லாரி லாரியா உங்க ஊருக்குக் கல்லு போகுதே, அது?"

"விக்கிற ஆளு இருக்கு, வாங்குதோம். விக்காதீங்க!"

சகோதரிகளே, இந்த நாலு வரியைத் திரும்ப ஒரு தடவை படித்துப் பாருங்கள். குப்பை விஷயத்தில் அக்காளுக்குக் குற்றவாளி அனுப்புகிறவன். கல் விஷயத்தில் குற்றவாளி வாங்குகிறவன். தங்கைக்கோ குப்பையில் வாங்குகிறவன் குற்றவாளி, கல்லில் அனுப்புகிறவன். இருவருமே இரண்டு நிமிஷத்துக்குள் தத்தம் கொள்கையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டார்கள். மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று: அக்காளுக்கு எப்போதும் குற்றம் மலைக்கு மேற்கே, தங்கைக்கு எப்போதும் மலைக்குக் கிழக்கே!

அவர்கள் பொய் சொல்லவில்லை. இருவரும் நெஞ்சாரத்தான் பேசினார்கள். அதுதான் இதிலுள்ள ஆச்சரியம்.

கிழக்குக்காரியான நானும் மனசுக்குள் அக்காள் பக்கம் சேர்ந்துகொண்டு பல்லைக் கடித்தேன். 2024 டிசம்பரில் திருநெல்வேலிக்கு அருகே கொடகநல்லூர், நடுக்கல்லூர்ப் பகுதிகளில் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவுகள் கொட்டப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு மூன்று நாளில் அள்ளிப் போகும்படி கேரள சர்க்காருக்கு உத்தரவிட்டது. அவர்களும் லாரிகளோடு வந்து அள்ளிப் போனார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் சென்னையில் என் வீட்டுக் குப்பை எங்கே போகிறது என்று அதற்கு முன் ஒரு நாளாவது நான் கேட்டதுண்டா? எத்தனை எத்தனை வருஷங்களாகச் சென்னையின் குப்பை கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் குவிந்தது! அங்கேயும் குழந்தை குட்டிகளோடு மனுஷர்கள் வாழ்கிறார்கள். அதைப் பற்றி எனக்கு ரத்தம் கொதிக்கவில்லை, வெதுவெதுப்புக்கூட ஆகவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். 1951 நவம்பரில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரண்டு கல்லூரிகளுக்கிடையே ஒரு கால்பந்தாட்டம் நடந்தது. அவர்கள் ஊர்க் கால்பந்து கொஞ்சம் மல்யுத்த ஜாதி. பிரின்ஸ்டனின் நட்சத்திர ஆட்டக்காரருக்கு மூக்கு உடைந்தது. டார்ட்மத்காரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரண்டு மனோதத்துவ ஆசிரியர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அந்த ஆட்டத்தின் படத்தை இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த தவறுகள் சராசரி 4.3 என்று எண்ணினார்கள் டார்ட்மத் மாணவர்கள். பிரின்ஸ்டன் மாணவர்களோ அதே அணிக்கு, அதே படத்தில், 9.8 தவறுகள் எண்ணினார்கள்!

இதில் வேடிக்கை வேறு. டார்ட்மத்தின் பழைய மாணவர் ஒருவருக்கு அந்தப் படம் அனுப்பப்பட்டது. தம் அணி மகா அக்கிரமம் செய்ததாக அவர் கேள்விப்பட்டிருந்தார். படத்தைப் போட்டுப் பார்த்தார். அக்கிரமம் எதையும் காணோம். உடனே தந்தி அடித்தார்: முக்கியமான பகுதியை வெட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது, வெட்டியதை விமானத் தபாலில் அனுப்பி வையுங்கள் என்று!

படத்தில் ஒன்றும் வெட்டப்படவில்லை. வெட்டியது அவர் கண்.

நாம் முதலில் நியாயத்தை யோசித்து, பிறகு பக்கம் சேர்வதாகத்தான் நினைத்துக் கொள்கிறோம். உண்மையில் நான் ஜவுளிக்கடையில் செய்கிற காரியத்தைத்தான் அங்கேயும் செய்கிறோம். கடைக்குள் நுழைந்ததும் மாம்பழக் கலர்ப் புடவை ஒன்றில் என் கண் விழுந்துவிடும். அதன் பிறகுதான் "ஜரிகை கெட்டி, சாயம் போகாது, விலையும் குறைச்சல்" என்று காரணங்கள் வரும். பிடிக்காத புடவை என்றால் அதே விலை கொள்ளை விலையாகிவிடும். காரணங்கள் புடவையைத் தேர்ந்தெடுப்பதில்லை. புடவைதான் காரணங்களைத் தேர்ந்தெடுக்கிறது.

புடவைக்குச் சரி, தர்மத்துக்குமா? ஆம் என்கிறார்கள். 2009-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியைக் கேளுங்கள். நூறு பேரைக் காப்பாற்ற ஒரு மனிதனைப் பலி கொடுக்கலாமா என்று அமெரிக்கர்களைக் கேட்டார்கள். சிலருக்குச் சொன்ன கதையில் அந்த ஒருவனுக்கு வெள்ளையர் பெயர்; மற்றவர்களுக்குச் சொன்னதில் கறுப்பர் பெயர். நிற பேதமே கூடாது என்று சொல்லும் முற்போக்குக் கட்சியினர், வெள்ளையர் பெயர் வந்தபோது "நூறு பெரிதா, ஒன்று பெரிதா?" என்று கணக்குப் பார்த்தார்கள். கறுப்பர் பெயர் வந்தபோது அந்தக் கணக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை. பழமைவாதிகள் மட்டும் சளைத்தவர்களா? இராக் யுத்தத்தை வைத்துக் கதை சொன்னபோது, தம் நாட்டுப் படையால் செத்த அப்பாவிகளுக்கு ஒரு நியாயமும், எதிரியால் செத்த அப்பாவிகளுக்கு வேறொரு நியாயமும் அவர்களிடம் தலைகாட்டியது. கொள்கை என்பது அலமாரியில் இருக்கிற பாத்திரம் மாதிரி. எந்த விருந்தாளிக்கு எதை எடுப்பது என்று கை தானாகவே தீர்மானித்துவிடுகிறது.

கட்சி என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2003-ல் வெளியான இன்னோர் ஆராய்ச்சியில் ஏழைகளுக்கு உதவிப் பணம் தரும் திட்டம் ஒன்றை மாணவர்களிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார்கள். தாராளமான திட்டமோ, கருமித் திட்டமோ, "இது உங்கள் கட்சி ஆதரிக்கும் திட்டம்" என்று சொன்னதும் பெரும்பாலோர் ஆதரித்தார்கள். ஏன் ஆதரித்தீர்கள் என்று கேட்டால் "திட்டத்தின் தன்மையைப் பார்த்துத்தான்" என்று பதில். கட்சியைப் பார்த்துத் தீர்மானிக்கிறவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள்தானாம்!

அமெரிக்காவை விடுங்கள், புளியறைக்கே வருவோம். புளியறையில் எல்லைக் கோடு வந்த கதையிலேயே இந்தப் பாடம் புதைந்து கிடக்கிறது. 1956-க்கு முன் செங்கோட்டைத் தாலுகா முழுவதும் திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. தமிழர் வாழும் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி முதலியோர் கிளர்ச்சி நடத்தினார்கள். 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதிகளில் போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தார்கள்; பலர் மாண்டார்கள்.

அப்போது திருவிதாங்கூர்–கொச்சியில் ஆட்சி செய்தது பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்டு மந்திரிசபை. மற்ற இடங்களில் காங்கிரஸ் சர்க்கார்கள் ஜனங்கள்மீது சுட்டபோது கொதித்தெழுந்து கண்டித்த கட்சி அது. இப்போது சுட்டது சொந்த மந்திரிசபை. கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா. அவர் அந்தச் சமயம் வேறொரு போராட்டத்துக்காக உத்தரப் பிரதேசத்தில் நைனி சிறையில் இருந்தார். சிறையிலிருந்தே அவர் சொன்னார்: மந்திரிசபை ராஜினாமாச் செய்ய வேண்டும், நீதி விசாரணை நடக்க வேண்டும். பிறர் சுட்டால் கொலை, நாம் சுட்டால் சட்டம் ஒழுங்கா என்பதே அவர் வாதத்தின் சாரம்.

கட்சி என்ன செய்தது? அதிலிருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். சுதந்திரத்துக்காகச் சிறை சென்ற தியாகிகள் பலர். ஆனாலும் "சந்தர்ப்பம் அப்படி", "இந்த மந்திரிசபை போனால் என்ன ஆகும்?" என்று காரணங்கள் முளைத்தன. 1954 நவம்பரில் நாகபுரியில் கூடிய விசேஷ மாநாடு லோகியாவின் பக்கம் நிற்கவில்லை. மறு வருஷம் அவரைக் கட்சியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், கட்சியும் பிளந்தது. வீட்டுப் பிள்ளை உடைத்த குடத்தைப் பொன்குடம் என்று சொன்னதற்கு லோகியா கொடுத்த விலை அது.

1956 நவம்பர் 1-ஆம் தேதி தெற்குத் தாலுகாக்கள் நான்கும், செங்கோட்டைத் தாலுகாவில் ஒரு பகுதியும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. ஆரியங்காவுப் பக்கம் கேரளத்தோடு நின்றது. புளியறை எல்லையூர் ஆயிற்று. கோட்டை வரைந்தவர்கள் நிலத்தில்தான் வரைந்தார்கள். நாமோ அதை எடுத்து நியாயத்திலும் வரைந்துகொண்டோம்.

அக்காளும் தங்கையும் ஏன் பாதி வழியில் சந்திக்கிறார்கள் என்று சொல்வதாகச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் இரண்டு ராஜ்யங்களிலும் கொழுந்துவிட்டு எரிந்தது. அந்தச் சமயத்தில் ஒரு கிருகப்பிரவேசப் பந்தியில் சகலபாடிகள் இருவருக்கும் வாக்குவாதம் முற்றி, இலையை விட்டே எழுந்துவிட்டார்களாம். அன்றோடு போக்குவரத்து நின்றது. இப்போது அக்காள் வீட்டில் பேரனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பத்திரிகையைத் தங்கை கையில் இங்கேயே கொடுத்துவிடலாம் என்று அக்காள் கொண்டு வந்திருக்கிறாள். "வீட்டுக்கு வந்து வச்சு அழைக்காம அவுக வரமாட்டாக" என்கிறாள் தங்கை.

1895-ல் கட்டி முடித்த அணை அது. நிற்பது கேரளத்து இடுக்கியில். தண்ணீர் வருவது தேனி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக்கு. 1886-ல் திருவிதாங்கூர் 999 வருஷத்துக்குக் குத்தகை எழுதிக் கொடுத்தது. அணை பலமாக இருக்கிறதா என்பது சுண்ணாம்பையும் கல்லையும் சோதித்து இன்ஜினீயர்கள் சொல்ல வேண்டிய சங்கதி. சுப்ரீம் கோர்ட்டு நியமித்த நிபுணர் குழு பலமாக இருப்பதாகச் சொல்ல, 2014 மே 7-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 142 அடி தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் ஜனங்களைக் கேட்டுப் பாருங்கள். மலைக்குக் கிழக்கே பிறந்தவருக்கு அணை கெட்டி; மேற்கே பிறந்தவருக்கு அணை ஓட்டை. இதில் ஒரு விசித்திரம். காங்கிரசும் மார்க்ஸிஸ்டுகளும் இரு ராஜ்யத்திலும் இருக்கிறார்கள். அதே கொடி, அதே கொள்கைப் புத்தகம். கோட்டைவாசலுக்கு இப்பால் ஒரு நியாயம், அப்பால் இன்னொரு நியாயம்!

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "அம்மா, தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் மகளை ஆலுவாயில் கட்டிக் கொடுத்திருந்தால் என்ன நினைப்பீர்கள்?" என்று அக்காளைக் கேட்டேன். ஆலுவாய் பெரியாற்றங்கரையில், அணைக்குக் கீழே இருக்கிறது.

அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கொஞ்ச நேரம் டீ கிளாஸை உருட்டினாள். "மழை பெய்த ராத்திரியெல்லாம் முழிச்சிக்கிட்டுத்தான் கெடப்பேன்" என்றாள். பிறகு, "ஆனா அணை பலமாத்தான் இருக்கு!" என்று சேர்த்துக்கொண்டாள்.

"நீங்கள் சொல்லுங்கள், உங்கள் மகள் கம்பத்தில் வாழ்க்கைப்பட்டு, அவளுக்கு நாலு ஏக்கர் நெல் வயல் இருந்தால்?" என்று தங்கையைக் கேட்டேன்.

"தண்ணி விடுங்கடேன்னுதான் கத்துவேன்" என்று சிரித்துவிட்டாள் தங்கை. "ஆனா பயம் பயந்தான்."

இரண்டு பேரும் தம் அபிப்பிராயத்தை விடவில்லை, பார்த்தீர்களா? விடவும் வேண்டியதில்லை. இதனால் எல்லா நியாயமும் ஒன்றுதான், யாரும் தப்பில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்தவன் வயலில் ஆஸ்பத்திரிக் கழிவைக் கொட்டுவது தப்பு. கொட்டியது கேரளமானாலும் தப்பு, தமிழ்நாடானாலும் தப்பு. மலையைக் கணக்கில்லாமல் உடைப்பது தப்பு. கல் எந்தத் திசையில் போனாலும் தப்பு. இரண்டு கட்சிக்கும் நடுவே நூல் பிடித்துப் பாதிப் பாதி பங்கிடுவதற்கு நடுநிலை என்று பெயரில்லை. ஆளை மாற்றிப் போட்டாலும் தராசு அதே எடை காட்ட வேண்டும்; அதுதான் நடுநிலை. வள்ளுவர் இதற்கென்று பன்னிரண்டாவது அதிகாரத்தையே ஒதுக்கி வைத்தாரென்றால், அது எத்தனை கஷ்டமான காரியம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இனிமேல் நடுநிலையாக யோசிக்கிறேன்" என்று சங்கற்பம் செய்துகொண்டால் போதுமா? போதாதாம். 1984-ல் இதையும் சோதித்துப் பார்த்தார்கள். தூக்குத் தண்டனையைப் பற்றி மாறுபட்ட கருத்துள்ளவர்களிடம் ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கொடுத்து, சிலரிடம் "பாரபட்சமில்லாமல் நீதிபதி போல் படியுங்கள்" என்றார்கள். ஒரு பிரயோஜனமும் இல்லை. ஏனென்றால் ஒவ்வொருவரும் தாம் ஏற்கெனவே நீதிபதிதான் என்று நினைத்துக் கொண்டிருந்தார்கள். மற்றும் சிலரிடம், "இதே ஆராய்ச்சி எதிர்க்கட்சிக்குச் சாதகமாக முடிந்திருந்தால் இதைப் பற்றி இப்படித்தான் சொல்வீர்களா என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். அவர்களிடம் பாரபட்சம் குறைந்தது.

ஆக, மருந்து ஒரே ஒரு கேள்விதான். செலவில்லாத மருந்து, சமையலறையிலேயே சாப்பிடலாம். மாப்பிள்ளை உங்கள் மகளுக்குக் காய் நறுக்கிக் கொடுத்தால் "தங்கமான பிள்ளை". உங்கள் மகன் மருமகளுக்கு நறுக்கிக் கொடுத்தால்? உங்களுக்குப் பிடித்த தலைவர் கட்சி மாறினால் "ராஜதந்திரம்", பிடிக்காதவர் மாறினால்? ஆத்திரம் வரும்போதெல்லாம் பெயரை மட்டும் மாற்றிப் போட்டு, அதே சம்பவத்தை இன்னொரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அதே ஆத்திரம் வந்தால் அது நியாயமான ஆத்திரம். தைரியமாகக் கோபித்துக் கொள்ளுங்கள். வராவிட்டால் குடத்தை இன்னொரு முறை கையில் எடுத்துத் தட்டிப் பாருங்கள்.

நான் எழுந்து பைசா கொடுத்தபோது சகோதரிகள் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே கல் லாரி ஒன்று முக்கி முனகி மலை ஏறிக்கொண்டிருந்தது. அக்காள் பத்திரிகையை எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள். தங்கை கையை நீட்டவில்லை. கொஞ்ச நேரம் இருவர் நடுவிலும் அந்தப் பத்திரிகை அப்படியே நின்றது. பிறகு அக்காள் அதைத் திரும்பத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

சரி, இனி ஒன்றும் நடக்காது என்று நான் பஸ்ஸுக்கு நடந்தேன். பின்னால் அக்காளின் குரல் கேட்டது. டீக்கடைக்காரரைத்தான் கேட்டுக் கொண்டிருந்தாள்:

"ஏப்பா, புனலூருக்கு அடுத்த வண்டி எத்தனை மணிக்கு?"